உங்களுக்குத் தெரியுமா? பிஸ்டலுக்குள் ஒளிந்திருக்கும் குட்டிக் கம்பி!

பிஸ்டல் குழலுக்குக் கீழே விரல் நீளத்தில் ஒரு கம்பி ஒளிந்திருக்கிறது. பெயர் கைடு ராடு! அதைச் சுற்றி ஒரு சுருள் ஸ்பிரிங். சுட்டதும் மேலிருக்கும் ஸ்லைடு பின்னால் பாயும். காலித் தோட்டா வெளியே தெறிக்கும். ஸ்பிரிங் ஸ்லைடை முன்னால் தள்ளும். அடுத்த தோட்டா ரெடி! இத்தனையும் நீங்கள் ஒருமுறை கண் இமைத்து முடிப்பதற்குள்!

உலகமே பேசும் க்ளாக் பிஸ்டலைச் செய்தவர் அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? ஜன்னல் திரைச்சீலை மாட்டும் கம்பி! ஆஸ்திரியாக்காரர் காஸ்டன் க்ளாக். துப்பாக்கி செய்த அனுபவம் துளியும் கிடையாது. 1982ல் ஆஸ்திரிய ராணுவம் அவருடைய க்ளாக் 17 பிஸ்டலை ஏற்றுக்கொண்டபோது அவருக்கு வயது 50ஐத் தாண்டியிருந்தது! மொத்த உதிரி பாகங்கள் வெறும் 34!

திரைச்சீலைக் கம்பி செய்தவர் பிஸ்டலுக்குள் எந்தக் கம்பியை வைத்தார்? பிளாஸ்டிக் கம்பி! உலகம் நம்ப மறுத்தது. அப்புறம் வரிசையில் நின்று வாங்கியது!

அந்த க்ளாக் 17 தாம்பரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது! வண்டலூரை ஒட்டிய நெடுங்குன்றத்தில் தேசியப் பாதுகாப்புப் படையின் சென்னை மையம் இருக்கிறது அல்லவா? அந்தக் கருப்புப் பூனைகள் கையில் வைத்திருப்பது க்ளாக் 17தான்! 2008 மும்பைத் தாக்குதலுக்கு அடுத்த ஆண்டே சென்னைக்கு இந்தப் படை வந்துவிட்டது!

ஜாம்பவான்களும் சறுக்குவார்கள்! 2010ல் க்ளாக் நான்காம் தலைமுறை வந்தது. ஒரே கம்பியில் இரண்டு ஸ்பிரிங், ஒன்றுக்குள் ஒன்று! அடுத்த ஆண்டே அமெரிக்காவில் அந்தக் கம்பி-ஸ்பிரிங் ஜோடியை நிறுவனமே மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது!

இப்போது நாங்கள் கண்டுபிடித்ததிலேயே தூள் கிளப்பும் தகவல்! துப்பாக்கி சுடும் போட்டிகளில் இறங்கும் சிலர் பிளாஸ்டிக் ராடைக் கழற்றிவிட்டு டங்ஸ்டன் ராடு போடுகிறார்கள். டங்ஸ்டன் எது? பழைய குண்டு பல்புக்குள் எரியுமே, அந்த இழை! ஒரு கன சென்டிமீட்டர் தங்கம் 19.3 கிராம். அதே அளவு டங்ஸ்டன்? 19.25 கிராம்! எஃகைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு! பிளாஸ்டிக்கைப் போல பத்து மடங்குக்கும் மேல்! கம்பியின் அளவு கொஞ்சமும் மாறாது, எடை மட்டும் எங்கேயோ போய்விடும். குழல் முனையில் எடை கூடினால் சுடும்போது முனை அதிகம் எகிறாது. அடுத்த குண்டுக்குக் குறி சீக்கிரம் திரும்பும். ஒரு குட்டிக் கம்பி செய்கிற வேலையைப் பாருங்கள்!

டங்ஸ்டன் உருக எவ்வளவு சூடு வேண்டும்? 3,422 டிகிரி செல்சியஸ்! உலோகங்களிலேயே இதுதான் முதலிடம்!

சின்னத் துப்பாக்கிக்குச் சின்ன ஸ்பிரிங் போதும் என்று நினைத்தீர்களா? நேர்மாறு! 5 அங்குலக் குழல் கொண்ட 1911 என்ற அமெரிக்கப் பிஸ்டலுக்கு 16 பவுண்டு விசையுள்ள ஸ்பிரிங். அதன் குட்டித் தம்பிக்குக் குழல் மூன்றரை அங்குலம்தான். ஸ்பிரிங்கோ 22 பவுண்டு, கிட்டத்தட்ட 10 கிலோ! ஸ்லைடு ஓடுகிற தூரம் குறைந்தால் தடுக்கிற பலம் கூட வேண்டும்!

ஸ்பிரிங் ரொம்ப முரடானால் காலித் தோட்டா வெளியே வராமல் சிக்கும். ரொம்பத் தளர்ந்தால் ஸ்லைடு சுத்தியல் மாதிரி சட்டத்தில் மோதும். நடுவில் எங்கோ ஒரு புள்ளி இருக்கிறது. அதைப் பிடிப்பவர்தான் நல்ல ஆர்மரர், அதாவது துப்பாக்கிப் பழுது பார்ப்பவர்!

அமெரிக்க ராணுவம் 1911 பிஸ்டலை 74 ஆண்டுகள் தலைமைக் கைத்துப்பாக்கியாக வைத்திருந்தது. இரண்டு உலகப் போர்களிலும் முழு நீள கைடு ராடு கிடையாது. உள்ளே இருந்தது ஒரு குட்டை முளை மட்டும்! முழு நீளக் கம்பி பின்னால் வந்த ஆசை!

கம்பியே இல்லாத பிஸ்டலும் உண்டு! ஜேம்ஸ் பாண்டின் வால்தர் பிபிகே! ரஷ்யர்களின் மக்காரோவ்! இரண்டிலும் ஸ்பிரிங் குழலையே கட்டிக்கொண்டு நிற்கும். குழல்தான் ராடு, ராடுதான் குழல்!

பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி 1963ல் பிறந்தது. 1992லிருந்து பெண்களுக்கும் பயிற்சி! அங்கிருந்து அதிகாரியாகப் போகிறவர்களின் இடுப்பில் ஏறும் 9 மி.மீ. பிஸ்டலுக்குத் தாத்தா யார் தெரியுமா? பிரௌனிங் ஹை-பவர்! ஜான் பிரௌனிங் 1926ல் பெல்ஜியத்தில் வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே உயிர் விட்டார். மிச்சத்தை முடித்தவர் அவருடைய உதவியாளர் சைவ். 1935ல் வெளிவந்தது. நம் நாட்டில் அதைச் செய்வது மேற்கு வங்கத்தின் இஷாப்பூர். பெட்டியில் 13 தோட்டா!

நம்ம திருச்சியை விடுவோமா? 1966ல் தொடங்கிய படைக்கலத் தொழிற்சாலையில் செய்யும் டார் துப்பாக்கி, ஏகே வம்சம். அதில் ஸ்பிரிங் கம்பியின் வால் பின்னால் எட்டிப் பார்க்கும். அதை அமுக்கினால்தான் மேல்மூடி கழலும். அந்தக் கம்பியே பூட்டு, அந்தக் கம்பியே சாவி!

4 விநாடியில் 5 குண்டு, 5 தனித்தனி இலக்கு, 25 மீட்டர் தூரம்! 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் ராணுவ வீரர் விஜய் குமார் இறுதிச் சுற்றில் சுட்ட 40ல் 30ஐ அடித்து வெள்ளி வாங்கினார்! ஒரே ஒருமுறை பிஸ்டல் சிக்கியிருந்தால்? நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது!

சின்ன உதிரி பாகம் பெரிய கனவைக் கலைக்கும். டோக்கியோவில் மனு பாக்கரின் ஏர் பிஸ்டலில் ஒரு நெம்புகோல் உடைந்தது. இறுதிச் சுற்று கைநழுவியது! அதே மனு பாரிஸில் இரண்டு வெண்கலத்தோடு திரும்பினார்!

ஏர் பிஸ்டலில் இந்த ஸ்லைடு, ராடு சமாச்சாரமே இல்லை. அதன் சிலிண்டரில் அடைத்த காற்று 200 பார்! உங்கள் கார் டயரைப் போல சுமார் 90 மடங்கு!

துப்பாக்கி சுடுவதைப் பார்க்க வெளிநாடு போக வேண்டாம். வேளச்சேரி போதும்! 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டின் துப்பாக்கி சுடுதல் நடந்தது குருநானக் கல்லூரித் தளத்தில்! இன்னும் தெற்கே போனால் செங்கல்பட்டுப் பக்கம் ஒத்திவாக்கத்தில் போலீஸ் சுடும் தளம். சிங்கப்பெருமாள்கோவிலை ஒட்டி அனுமந்தபுரத்தில் இன்னொரு சுடும் தளம்! சிங்கப்பெருமாள்கோவிலும் செங்கல்பட்டும் மின்சார ரயிலில் நீங்கள் கடந்து போகும் ஊர்கள்தான்!

கடைசியாக, எங்களையே தூக்கிவாரிப்போட்ட விஷயம்! 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைப் புரட்டினோம். 'ஆயுதம்' என்றால் துப்பாக்கி மட்டும் இல்லை. அதன் பாகங்களும் ஆயுதமே! அந்தக் குட்டிக் கம்பிக்கும் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியோடு ஒரே பெயர்தான்!

2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்தாலோ ரிப்பேர் பார்த்தாலோ குறைந்தது 7 ஆண்டு சிறை! அதிகபட்சம் ஆயுள்!

9 மி.மீ. பிஸ்டல் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். உரிமத்தில் கிடைப்பது .32 போன்றவைதான். அதையும் தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டியிருக்கும், கம்பி ஸ்பிரிங்கோடு!

உரிமம் வைத்திருக்கும் வாசகர்களே, ராடு மாற்ற வேண்டுமா? வீட்டு மேஜையில் நீங்களே பிரிக்காதீர்கள். அழுத்தி வைத்த ஸ்பிரிங் கை நழுவினால் நேராகக் கண்ணுக்குத்தான் பறக்கும்! உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் கொடுங்கள்!