மீன் போனால் போதாது, பஞ்சும் போகணும்

ஞாயிறு சாயங்காலம் கொளத்தூர் மீன் கடைகளில் பெரிய தொட்டி வாங்கி ஆட்டோவில் ஏற்றுகிறவர்கள் பலர், அன்று ராத்திரியே பழைய தொட்டி மீனை அதில் விட்டுவிடுகிறார்கள். புதன், வியாழன் வாக்கில் எனக்கு போன் வரும். "சார், கோல்ட் ஃபிஷ் மேலயே நின்னு வாயைப் பொளக்குது. தண்ணி கண்ணாடி மாதிரிதானே இருக்கு?"

அதுதான் கோளாறே. கண்ணாடி மாதிரி இருக்கிற தண்ணீரில் மீனின் கழிவைத் தின்ன ஒருத்தரும் இல்லை.

பெரிய தொட்டி வாங்கியதைக் குறை சொல்ல மாட்டேன். கோல்ட் ஃபிஷ் ஒரு சாண் நீளம்கூட வளரும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். இங்கிலாந்தில் 1956இல் ஒரு திருவிழாக் கடையில் பரிசாகக் கிடைத்த 'டிஷ்' என்ற மீன் 1999 வரை உயிரோடு இருந்தது. டி.வி. பக்கத்து உருண்டை பவுலில் அந்தக் கணக்கெல்லாம் நடக்காது.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். பழைய தொட்டியின் ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். புதுத் தொட்டியில் இவை தாமாக வந்து பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். கடைக்காரர் "தண்ணி செட் ஆகணும்" என்பது இதைத்தான். பாலுக்கு உறைமோர் மாதிரி, பழைய பஞ்சைப் புது ஃபில்டரில் வைத்துவிட்டால் இந்தக் காலம் வெகுவாகக் குறையும். ஆனால் நம் வீடுகளில் புதுத் தொட்டி வந்த உற்சாகத்தில் பஞ்சைக் குழாயடியில் கசக்கி, வெயிலில் காயப்போட்டு, வெள்ளையாக்கிவிட்டுத்தான் மறுவேலை. குளோரினிலும் வெயிலிலும் எல்லாம் போச்சு. பழைய தொட்டித் தண்ணீரையே ஒரு மக்கில் எடுத்து, அதில் லேசாக இரண்டு பிழி பிழிந்தால் போதும். பழுப்பாக, குளத்துச் சேறு வாசத்தோடு ஒரு கசண்டு வரும். முகம் சுளிக்காதீர்கள்.

தொட்டியை எங்கே வைப்பது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் தண்ணீர் மட்டுமே கிட்டத்தட்ட 190 கிலோ. நிரப்பிய பிறகு நகர்த்த முடியாது. அடியில் தெர்மாகோல் ஷீட் அவசியம். வாஸ்து சொல்லும் மூலையில் ஜன்னல் வெயில் விழுந்தால் நான் மீன் கட்சி.

மெட்ரோ தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்து ஏர் பம்ப் ஓட்டினால் குளோரின் போய்விடும். அவசரமென்றால் கடையில் கிடைக்கும் ஆன்டி-குளோரினைச் சொன்ன அளவில் போடலாம். கேன் தண்ணீர் வேண்டாம். தாது உப்புகள் குறைந்த அந்தத் தண்ணீரில் அமில-கார நிலை நிலையாக நிற்காது. நாள்பட மாற்றாத பழைய தொட்டித் தண்ணீரோ அமிலத்தன்மை ஏறிப்போய்க் கிடக்கும். அதிலிருந்து மீனை நேரே புதுத் தண்ணீருக்கு மாற்றினால் அதிர்ச்சி தாங்காது. ஒரு வாரம் முன்னதாகவே புதுத் தொட்டித் தண்ணீரைத் தினமும் கொஞ்சம் பழையதில் கலந்து வாருங்கள். மாற்றும் அன்று மீன் இருக்கும் பையைப் புதுத் தொட்டியில் அரை மணி நேரம் மிதக்கவிடுவதால் சமமாவது சூடு மட்டுமே. அதன் பிறகு பைக்குள் கப் கப்பாகப் புதுத் தண்ணீர் சேர்க்க வேண்டும்.

மாற்றுவதற்கு முந்தின நாள் தீனி கிடையாது. வலையும் வேண்டாம். எங்கள் வீட்டு ஒராண்டா வகை கோல்ட் ஃபிஷ்ஷுக்குத் தலைச்சதை கண்ணை மறைக்கிறது. வலை வருவது தெரியாமல் மிரண்டு துடுப்பைக் கிழித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் மக்கைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்தால் தானாக உள்ளே வரும். தண்ணீரோடு தூக்கிவிடலாம். அன்றைக்கு லைட் போடாதீர்கள். ஏர் பம்ப் மட்டும் இரவு பகல் ஓடட்டும்: 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் நிற்கும், நம் ஊர் 30 டிகிரியில் ஏழரைதான்.

நாலைந்து நாளில் தண்ணீர் பால் கலந்தது போல மங்கலாம். பதறி மொத்தத்தையும் கொட்டினால் மறுபடி முதலிலிருந்து. டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால் கால் பங்கு மாற்றுங்கள், தீனியைக் குறையுங்கள். தொட்டி காலியாகத் தெரிகிறதே என்று அடுத்த ஞாயிறே புது மீன் வாங்கப் போகாதீர்கள்.

பழைய தொட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். புதிதாக வரும் மீனைச் சில வாரம் தனியே வைக்கவும், நோய் வந்தால் வைத்தியம் பார்க்கவும் அது வேண்டும். மெத்திலீன் ப்ளூ மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் சிலிக்கான் ஒட்டெல்லாம் நீலமாகும், செட் ஆன பாக்டீரியாவும் சாகும்.