அந்தமானில் அதிகாலை ஓட்டம்: கடிகாரத்தை விட சூரியனை கவனிப்பது ஏன் அவசியம்?

ஸ்ரீ விஜயபுரம்: சென்னையில் காலை 6 மணிக்கு ஓடிப் பழகிய ஒருவர், அதே நேரத்தில் அந்தமான் தலைநகரின் மெரினா பூங்காவுக்கு வந்தால், மே, ஜூன் மாதங்களில் சூரியன் உதித்து ஒரு மணி நேரத்திற்கும் மேல் ஆகியிருக்கும். போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்டு, 2024 செப்டம்பரில் பெயர் மாற்றப்பட்ட இந்நகரில், ஓடும் நேரத்தைத் தேர்வு செய்வதிலேயே பாதுகாப்பு தொடங்குகிறது.

ஏன் இந்த நேர வேறுபாடு?

இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்கு தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. ஸ்ரீ விஜயபுரம் ஏறத்தாழ 92.7 டிகிரியிலும், சென்னை 80.3 டிகிரியிலும் உள்ளன. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்ற கணக்கில், இரு நகரங்களின் சூரிய நேரத்துக்கும் இடையே சுமார் 50 நிமிட வேறுபாடு உண்டு. ஆனால் கடிகாரம் இரண்டிலும் ஒன்றே.

இதனால் இங்கு மே, ஜூன் மாதங்களில் காலை 5 மணிக்குச் சற்று முன்பாகவும், ஜனவரி பிற்பகுதியில் 5.45 மணியளவிலும் சூரியன் உதிக்கிறது. இங்கு காலை 7 மணி வெயில், சென்னையின் 7.50 மணி வெயிலுக்கு இணையானது. நவம்பரில் மாலை 5 மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடுவதால், பணிக்குச் செல்வோருக்கு அதிகாலையே வசதியான நேரமாக அமைகிறது.

ஓட ஏற்ற நேரம் எது?

சூரிய உதயத்துக்குச் சுமார் 20 நிமிடங்களுக்கு முன்பே பாதை தெரியும் அளவுக்கு வெளிச்சம் வந்துவிடும். அப்போது தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பது நல்லது. மே, ஜூனில் இது சுமார் 4.35 மணி, ஜனவரி பிற்பகுதியில் 5.25 மணி.

இருப்பினும், அதிகாலை குளிர்ச்சியாகத் தோன்றினாலும் காற்றின் ஈரப்பதம் அந்த நேரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். வியர்வை ஆவியாகாமல் உடலிலேயே வழிவதால் உடல் வெப்பம் எளிதில் தணியாது. வெளியூரிலிருந்து வருவோரின் உடல் இச்சூழலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகலாம். அதுவரை வழக்கமான வேகத்தையும் தூரத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இருளில் ஓடுவோர் கவனத்திற்கு

வெயிலைத் தவிர்க்க முற்றிலும் இருளில் ஓடினால், வாகனங்களால் ஆபத்து நேரிடலாம். 2023 மார்ச் 19 அன்று மும்பை வொர்லி கடற்கரைச் சாலையில் காலை ஓட்டத்தில் ஈடுபட்டிருந்த பெண் ஒருவர், கார் மோதி உயிரிழந்தார். விடிந்த பிறகும் சாலையோர ஓட்டம் ஆபத்தானதாக இருக்கலாம் என்பதை அச்சம்பவம் உணர்த்தியது.

எனவே இருள் விலகும் வரை பூங்காவின் நடைபாதைக்குள்ளேயே ஓடுவது பாதுகாப்பானது. கார்பின்ஸ் கோவ் செல்லும் கடலோரச் சாலை போன்ற இடங்களில் ஓட நேர்ந்தால், எதிரே வரும் வாகனங்கள் தெரியும்படி சாலையின் வலப்புறம் செல்ல வேண்டும். ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டை கொண்ட ஆடை அணிவதும், காதொலிக் கருவிகளைத் தவிர்ப்பதும் நல்லது. தனியாகச் செல்வோர், செல்லும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் தெரிவிக்க வேண்டும்.

மழை, மின்னல், முதலை

தென்மேற்குப் பருவமழை மே மாதத்திலேயே அந்தமானை எட்டிவிடும். அக்காலத்தில் கடலோர நடைபாதைகள் பாசி படிந்து வழுக்கக்கூடும். இடியோசை கேட்டால் ஓட்டத்தை நிறுத்தி, உறுதியான கட்டடத்துக்குள் சென்றுவிட வேண்டும். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடியோசைக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருப்பது அவசியம். மின்னல் எச்சரிக்கையை 'தாமினி' செயலியில் அறியலாம்.

அந்தமானின் ஓடைகளிலும் அலையாத்திக் காடுகளிலும் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. ஓடி முடித்த களைப்பில், வெளிச்சம் குறைந்த வேளையில் ஓடை முகத்துவாரங்களிலோ, எச்சரிக்கைப் பலகை உள்ள கரைகளிலோ கால் நனைக்க இறங்கக் கூடாது.

எப்போது நிறுத்த வேண்டும்?

தலைச்சுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, கடும் தலைவலி ஆகியவை உடல் வெப்பம் மிகுவதன் அறிகுறிகள். உடனே நிழலுக்குச் சென்று ஓய்வெடுத்து, சிறிது சிறிதாக நீர் அருந்த வேண்டும். நெஞ்சுவலி அல்லது வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஏற்பட்டால் தாமதமின்றி மருத்துவ உதவி பெற வேண்டும்.

ஒருவர் குழப்பமாகப் பேசினாலோ, சுயநினைவு இழந்தாலோ அது 'ஹீட் ஸ்ட்ரோக்' ஆக இருக்கலாம். அந்நிலையில் உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை எட்டியிருக்கக்கூடும். அவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்காமல், உடலை நீரால் நனைத்து விசிறியபடி, 112 என்ற அவசர உதவி எண்ணை அழைக்க வேண்டும். உதவி வந்து சேரும் வரை உடலைக் குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது.