குளிசை விழுங்கியும் சோர்வு தீரவில்லையே!

மனச்சோர்வு நோய்க்கு வைத்தியர் கொடுத்த குளிசையைப் பத்து நாள் விழுங்கிவிட்டு, "ஒரு குணமுங் காணவில்லை, குமட்டலுந் தூக்கக் குறைவுமே மிச்சம்" என்று அதனை ஒதுக்கிவிடுவோர் பலர். தலையிடிக்கு விழுங்குங் குளிசை ஒரு மணி நேரத்தில் வேலை செய்யும்போது, இஃது ஏன் வாரக்கணக்கில் மௌனஞ் சாதிக்கின்றது? வீட்டார் கேட்கும் இக்கேள்வி நியாயமானதே. விஞ்ஞானிகளையும் இது மலைக்க வைத்த ஒன்றாகும்.

மூளையின் நரம்புக் கலங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையே ஒரு மில்லிமீற்றரின் 50,000இல் ஒரு பங்கு அளவான இடைவெளி உண்டு. ஒரு கலம் அவ்விடைவெளியில் இரசாயனத் தூதொன்றை விடுகின்றது. அடுத்த கலம் செய்தியைப் பெறுகின்றது. அதன்பின் அத்தூது என்னாகின்றது? அமெரிக்க விஞ்ஞானி யூலியஸ் அக்செல்றொட்டும் அவர் துணைவரும் 1961ஆம் ஆண்டில் நோரதிரனலின் என்னுந் தூதை ஆராய்ந்து, அதனை விடுத்த நரம்பே திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றது எனக் காட்டினர். வெற்றுப் போத்தலைக் கடைக்காரரே திரும்பப் பெற்று மீண்டும் பயன்படுத்துவதைப் போன்ற சிக்கனம்! 1970இல் நோபல் பரிசில் ஒரு பங்கு அவரைச் சேர்ந்தது.

வேடிக்கை யாதெனின், இம்மீளுறிஞ்சலைத் தடுக்கும் மருந்து அதற்கு முன்னரே கைக்கு வந்துவிட்டது. சுவிற்சர்லாந்தின் மூன்ஸ்ரர்லிங்கன் மனநோய் வைத்தியசாலையில், றொலண்ட் கூன் என்பவர் இமிப்பிரமீன் என்னும் மருந்தை வேறொரு மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார், பலிக்கவில்லை. மனச்சோர்வுற்றோருக்குக் கொடுத்தபோதோ முகங்கள் மலர்ந்தன. 1957இல் அதனை வெளியிட்டார். செரற்றோனின் என்னுந் தூதின் மீளுறிஞ்சலைச் சிறப்பாகத் தடுக்கும் புளுஒக்செற்றீன் 1987இன் இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இனி அந்தத் தாமதத்தைப் பார்ப்போம். குளிசை விழுங்கிய சில மணி நேரத்திலேயே மீளுறிஞ்சல் தடைப்படத் தொடங்குகின்றது. ஆயினும் சோர்வு தணிய 2 முதல் 6 வாரம் வரை செல்லலாம். ஆகவே, "செரற்றோனின் குறைந்தது, குளிசை நிரப்பியது" என்னும் எளிய விளக்கம் போதாது. (விளம்பரக்காரருக்கு அவ்விளக்கம் மிக உகந்ததாயிருந்தது என்பது வேறு கதை.) மிகுந்துவிட்ட தூதுக்கேற்ப நரம்புக் கலங்கள் தம்மை மெல்ல மெல்ல மாற்றியமைத்துக்கொள்வதனாலேயே குணம் உண்டாகின்றது என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து, முடிந்த முடிபு இன்னும் எட்டப்படவில்லை.

ஆபத்தும் இந்த இடைக்காலத்திலேதான் உண்டு. தொடக்க வாரங்களில் இளவயதினர் சிலரிடந் தற்கொலை எண்ணம் மிகலாம் என்று 2004இல் அமெரிக்க அதிகாரிகள் கருங்கட்டமிட்ட எச்சரிக்கை விடுத்தனர்; 2007இல் அதனை 24 வயது வரை நீட்டினர். பிள்ளை திடீரென அமைதியிழந்தாலோ, உறக்கமின்றி அலைந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, வீட்டார் அன்றே வைத்தியரிடங் கூறவேண்டும்.

குணங் கண்டபின்னும் பல மாதங்கள் மருந்தைத் தொடர்வது வழக்கம். வைத்தியர் அதனைப் படிப்படியாகவே குறைப்பார். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றும் எரிச்சலும் வரலாம். தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வுஞ் சிலருக்கு உண்டு. பறொக்செற்றீனில் இத்தொல்லை மிகுதி. வாரக்கணக்கில் உடலிலே தங்கும் புளுஒக்செற்றீனில் குறைவு.