அடுப்படியும் வைக்கோல் படப்பும்

குச்சனூர்ப் பகுதியில் நெல் அறுவடை முடிந்ததும் வைக்கோல் வீட்டோரம் வந்து சேரும். இடம் மிச்சமாகும் என்று அடுப்படியை ஒட்டிப் படப்பு போடுவது ஆபத்து. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் பேராபத்து.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பிடித்த தீ, வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மாண்டனர். கூரையில் தீ ஏறிவிட்டால் தப்ப அவகாசம் கிடையாது.

ஆகவே படப்பு, விறகு, கீற்று ஆகியவற்றை அடுப்படியிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும். சாம்பலை நீர் தெளித்து, கங்கு அவிந்த பிறகே குப்பைக் குழியில் கொட்ட வேண்டும். அடுப்பைச் சுற்றி மூன்றடிக்குள் குழந்தைகளை விடலாகாது. தீப்பெட்டி அவர்கள் கைக்கு எட்டக் கூடாது.

எண்ணெய்ச் சட்டி தீப்பற்றினால் நீர் ஊற்றாமல், அடுப்பை அணைத்துத் தட்டால் மூடவும். கேஸ் வாடை வீசினால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து வெளியேறி, 1906-க்குச் சொல்லவும்.

உடையில் தீப்பற்றிய குழந்தையை ஓடவிடாமல் தரையில் உருட்டவும். தீப்புண்ணில் 20 நிமிடம் குளிர்ந்த நீர் ஊற்றவும். மை, மாவு பூச வேண்டாம். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108.

வீடு பற்றினால் முதலில் குழந்தைகளை வெளியேற்றுங்கள். மாடும் மூட்டையும் பிறகுதான்.