சிலிக்கன் உணர்கருவியும் கதிர் வரும் திசையும்

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்குங்கால், நோயுற்ற திசுவை அடையும் கதிரளவு, விதித்த அளவினின்றும் 5 விழுக்காட்டுக்கு மேல் வேறுபடலாகாது என்று கதிர்வீச்சு அலகுகளுக்கும் அளவீடுகளுக்குமான சர்வதேசக் கமிஷன் 1976-ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. அளவு குறைந்தால் நோய் மீளக்கூடும். மிகுந்தால் அருகிலுள்ள நலமான உறுப்பு கெடும். திட்டமிடுதல், இயந்திரம், நோயாளியைக் கிடத்தும் நிலை ஆகிய அனைத்தாலும் நேரும் பிழைகள் இவ்வரம்பினுள் அடங்கவேண்டுமாதலின், அளக்கும் கருவிக்கென ஒதுக்கக்கூடிய பங்கு மிகச் சிறிதே.

அத்தகைய கருவிகளுள் சிலிக்கன் டயோடு சிறப்பிடம் பெற்றதாகும். காற்று நிரம்பிய அயனி அறையில் ஓர் அயனி இணையைத் தோற்றுவிக்க ஏறக்குறைய 34 எலெக்ட்ரான் வோல்ட்டு ஆற்றல் செலவாகிறது. சிலிக்கனில் ஓர் எலெக்ட்ரான்-துளை இணைக்கு 3.6 எலெக்ட்ரான் வோல்ட்டே போதும். சிலிக்கனின் அடர்த்தியோ காற்றினதைப் போல் சுமார் 1,900 மடங்கு. ஆகவே, கன அளவு ஒன்றாயின், காற்றைவிடச் சிலிக்கன் ஏறத்தாழ 18,000 மடங்கு மின்னூட்டம் தருகிறது. ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு துண்டே அளவைக்குப் போதுமானதாவது இதனாலேயே. ஆயினும் ஒரு குறை உண்டு. ஒரே அளவுள்ள கதிர் முன்புறமிருந்து வரும்போது ஒரு மதிப்பையும், பக்கவாட்டிலோ பின்புறமோ வரும்போது வேறொரு மதிப்பையும் அது காட்டக்கூடும். இதனைக் கோணச் சார்பு என்பர்.

இதை விளக்கச் சூரிய மின்கலத்தை உவமையாகக் கூறத் தோன்றும். கலத்தைச் சாய்த்தால் ஒளி விழும் பரப்பு சுருங்கி மின்னோட்டம் குறைகிறதன்றோ? உவமை எளிது, ஆனால் பொருந்தாது. ஒளியைச் சிலிக்கன் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. சிகிச்சைக்குரிய உயர் ஆற்றல் எக்ஸ்-கதிரோ மெல்லிய தகட்டை ஊடுருவிச் செல்கிறது. தகடு சாயும்போது கதிரை எதிர்கொள்ளும் பரப்பு எவ்விகிதத்தில் குறைகிறதோ, அவ்விகிதத்தில் தகட்டினுள் கதிரின் பாதை நீள்கிறது. 60 பாகை சாய்த்தால் பரப்பு பாதியாகும், பாதை இரு மடங்காகும், பெருக்கற்பலன் மாறாது. ஆசிரியர்கள் இக்கணக்கைக் கரும்பலகையில் வரைந்து காட்டின், குறை தகட்டின் சாய்வில் இல்லை என்பது மாணவர்க்கு உடனே விளங்கும்.

குறை பெரும்பாலும் தகட்டைச் சுற்றியுள்ள பொருள்களிலேயே உள்ளது. டயோடின் ஒரு முகத்தில் உலோக இணைப்பும், பீங்கான் அல்லது மின்சுற்றுப் பலகையும் இருக்கின்றன. மறுமுகத்தில் பிசினும், சிலவற்றில் உலோக மூடியும் உள்ளன. பின்புறமிருந்து வரும் கதிர் இவற்றால் நலிவுறுகிறது. அடர்ந்த உலோகம் எலெக்ட்ரான்களைச் சிதறடிக்கவும் செய்கிறது. பக்கவாட்டில் காற்றிடைவெளி இருப்பின் அதன் விளைவு வேறு. இவையன்றித் தகட்டினுள்ளேயும் ஒரு காரணம் உண்டு. மின்னூட்டத்தைத் திரட்டும் சந்தி பொதுவாக ஒரு முகத்தில்தான் அமைகிறது. வெட்டப்பட்ட ஓரங்களின் அருகே தோன்றும் மின்னூட்டத்தில் ஒரு பகுதி சந்தியை அடையாமலே அழிந்துபோகிறது.

கதிர் நிலையான ஒரு திசையிலிருந்து வந்த வரையில் இது பெருந்தொல்லையாக இல்லை. இயந்திரம் நோயாளியைச் சுற்றிச் சுழன்றுகொண்டே கதிரை வீசும் வளைவழிச் சிகிச்சை பரவிய பின்னர் நிலைமை மாறிற்று. திட்டமிட்ட அளவு 2 கிரே என்றும், இயந்திரக் கோளாற்றால் 4 விழுக்காடு மிகுந்து 2.08 கிரே சென்றது என்றும் கொள்வோம். அக்கோணங்களில் உணர்கருவி 4 விழுக்காடு குறைத்துக் காட்டுமாயின், குறிப்பேட்டில் பதிவாவது 2.00 கிரே. ஒரு பிழை மற்றொன்றை மறைத்துவிடுகிறது. கோளாறுள்ள இயந்திரம் சோதனையில் தேறிவிடுகிறது. பிழையான எண்ணைவிட, சரியெனத் தோன்றும் இத்தகைய எண்ணே ஆபத்து மிக்கது.

கோணத்திற்கேற்பத் திருத்தக் காரணிகளை அட்டவணையாக்கிப் பெருக்கிக்கொள்வது மலிவான வழி. ஆனால் நீரினுள் கதிர் ஒரு திசையில் மட்டும் செல்வதில்லை. சிதறிய கதிர் எல்லாப் பக்கங்களிலிருந்தும் வருகிறது. அதன் பங்கு புலத்தின் பரப்பையும் ஆழத்தையும் பொறுத்தது. போதாக்குறைக்கு, தாழ்ந்த ஆற்றலுள்ள சிதறு கதிரைச் சிலிக்கன் நீரைவிட மிகையாக ஏற்கிறது. எனவே ஒரு நிலைமைக்கு வகுத்த அட்டவணை பிறிதொன்றுக்குச் செல்லாது. கருவியின் அமைப்பையே சமச்சீராக்குவது மேலான வழியாகும். இரண்டு டயோடுகளை முதுகோடு முதுகாகப் பொருத்தினால், ஒன்றன் குறையை மற்றது பெருமளவு ஈடுசெய்கிறது. டயோடுகளை உருளையொன்றின் சுற்றில் வரிசையாக அமைப்பதும் உண்டு. ஆஸ்திரேலியாவில் வுல்லங்காங் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், ஓரங்களிலும் சந்தி அமைந்த டயோடுகளை, உலோகம் மிகக் குறைந்த உறையில் பொதிந்து ஆராய்ந்து, 2015-இல் முடிவுகளை வெளியிட்டனர். குறையின் இரு காரணங்களையும் ஒருங்கே தாக்குவதால் இம்முறை கருதத்தக்கது.

மருத்துவமனையில் இதனைச் சோதிப்பது கடினமன்று. நீரையொத்த பிளாஸ்டிக் உருளையின் நடுவில் கருவியைப் பொருத்தி, இயந்திரத்தின் சுழல் மையத்தில் வைத்து, 15 பாகைக்கு ஒருமுறை ஒரே அளவு கதிரைச் செலுத்திப் பதிவு செய்யவேண்டும். பின்னர் அதே இடத்தில் அயனி அறையை வைத்து மீண்டும் அளந்து, முன்னதைப் பின்னதால் வகுக்கவேண்டும். படுக்கைப் பலகை கதிரைத் தடுப்பதால் வரும் வேறுபாடு இதனால் நீங்கும். தட்டையான டயோடாயின் செங்குத்தான மற்றொரு தளத்திலும் சோதித்தல் அவசியம். இடப்புற அளவும் வலப்புற அளவும் ஒவ்வாதிருப்பின், கருவியை 180 பாகை திருப்பிவைத்து மறுபடியும் அளக்கவேண்டும். ஒவ்வாமை கருவியோடு சேர்ந்து இடம் மாறினால் அது கருவியினுடையது. மாறாது நின்றால், பொருத்திய நிலையினுடையது.