விரைவு வண்டியும் வெளியணியும்

பயன் கருதி ஆக்கப்பட்ட பொருள், அப்பயன் நீங்கிய பின்னரும் தன் வடிவின்பொருட்டுப் போற்றப்படுதல் உலக வழக்கு. போர்வாள் போர் ஒழிந்த பின் அரண்மனைச் சுவருக்கு அணியாயிற்று. இவ்வழக்கு இயந்திர யுகத்திலும் மாறவில்லை. பந்தயத்துக்கென வகுக்கப்பட்ட மோட்டார் வண்டியின் உறுப்புக்களை, பந்தயத்தை ஒருநாளும் காணாத வண்டிகளிற் பொருத்தி அழகு பார்க்கும் கலை இன்று பல நாடுகளிற் பரந்துள்ளது. அகன்ற மட்காட்டும், நிலத்தைத் தொடுவது போலத் தாழ்ந்த உடலும், பின்புறத்தே பெரிய செட்டையும் கொண்ட பழைய வண்டிகளின் படங்களை எம் மாணவர் விரும்பிப் பார்க்கின்றனர். பார்த்தவுடன், “இது மிக விரைந்து ஓடும்” என்று எண்ணுவதும் இயல்பே. அவ்வெண்ணம் எப்போதும் உண்மையன்று. சிலவிடத்து உண்மைக்கு நேர்மாறானது. அதன் காரணத்தைப் புகழ்பெற்ற ஒரு வண்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

ஜேர்மனியின் போர்ஷே 911 என்பதே அவ்வண்டி. 1963ஆம் ஆண்டு பிராங்க்பேர்ட் கண்காட்சியில் அது 901 என்னும் பெயருடன் காட்டப்பட்டது. நடுவிற் சுழியம் கொண்ட மூவிலக்கப் பெயர்கள் தமக்கே உரியன எனப் பிரான்சின் பெஜோ நிறுவனம் மறுப்புத் தெரிவித்தமையால், 1964இல் 911 எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதன் வடிவை வகுத்தவர் நிறுவனத்தைத் தொடக்கியவரின் பேரனான பெர்டினண்ட் அலெக்சாந்தர் போர்ஷே. ஆறு உருளைகளைக் கொண்டு, வளியாற் குளிர்விக்கப்படும் அதன் எஞ்சின், பின் அச்சுக்கும் பின்னே அமைந்தது. வலு 130 பரிவலு. உடல் ஒடுங்கியது, செட்டை இல்லை, வேண்டாத கோடொன்றும் இல்லை.

அத்தூய வடிவிலும் ஒரு குறை இருந்தது. வளைந்த கூரையைத் தழுவிச் செல்லும் வளியின் அமுக்கம் குறைவதால், மிகு வேகத்தில் வண்டியின் பின்புறம் மேலெழ முயலும். பாரம் மிகுந்த எஞ்சின் பின்னே கிடக்கும் வண்டியிற் பின்சில்லுகளின் பிடி தளருமாயின், வளைவிற் பின்புறம் வெளியே வீசப்படும். இதற்கு மருந்தாக, 1972ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்த கரேரா ஆர்.எஸ். 2.7 என்னும் வகையில், எஞ்சின் மூடியின் விளிம்பு தாராவின் வாலைப்போல மேல்நோக்கி வளைக்கப்பட்டது. பார்வைக்கு வேடிக்கையாகத் தோன்றிய அவ்வால், மேலெழும் விசையைப் பெரிதும் குறைத்தது. முகத்தின் கீழும் அதற்கேற்ற ஒரு தடுப்பு வைக்கப்பட்டது. பின்சில்லுகள் முன்னவற்றிலும் அகன்றனவாதலின், அவற்றை மூடுதற்கு மட்காட்டும் சிறிது புடைத்தது. எஞ்சின் வலு 210 பரிவலு. பந்தய விதிக்கு 500 வண்டிகள் செய்தாற் போதுமென எண்ணித் தொடங்கினர்; விரும்பினோர் மிகுந்தமையால் 1,500க்கு மேற்பட்டவை செய்யப்பட்டன.

1974ஆம் ஆண்டிற் காட்டப்பட்ட 911 டேர்போ வகையில் அகலம் இன்னும் மிகுந்தது. வெளியேறும் புகையின் விசையாற் சுழலியொன்றைச் சுழற்றி, எஞ்சினுள் வளியை அழுத்திச் செலுத்தும் முறையால் அது 260 பரிவலு பெற்றது. அவ்வலுவை வீதியில் இறக்க அகன்ற ரயர்கள் வேண்டப்பட்டன. ரயர்களை மூட அகன்ற மட்காட்டு வேண்டப்பட்டது. 1978ஆம் ஆண்டின் 300 பரிவலு வண்டியிலோ, பின்செட்டை வேறொரு தொழிலையும் ஏற்றது. அழுத்தப்பட்ட வளியைக் குளிர்விக்கும் கருவி அதனுள்ளே வைக்கப்பட்டது.

இவ்வரிசையின் உச்சம், 1976இற் களமிறங்கிய 935 என்னும் பந்தய வண்டி. வண்டியின் பொதுத்தோற்றம் மாறலாகாது, ஆயின் மட்காட்டை மாற்றலாம் என்பது அக்காலப் பந்தய விதி. நோர்பேர்ட் சிங்கர் என்னும் பொறியியலாளர் அவ்விதியை ஊன்றிப் படித்தார். 911இன் முன்விளக்குகள் மட்காட்டின் உச்சியிலே இருப்பவை. அவற்றைப் பம்பர்ப் பகுதிக்கு இறக்கி, மட்காட்டைச் சரிவாக அமைத்தமையால் வளித்தடை குறைந்தது. இச்சாய்முக வகையைச் சேர்ந்ததும், கொலோன் நகரத்துக் கிரேமர் சகோதரர் ஆக்கியதுமான வண்டியொன்று 1979இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது.

இதுவரை கூறியவற்றில் ஒவ்வொரு வடிவுக்கும் ஒரு காரணம் இருந்தது. அடுத்து நிகழ்ந்ததே எம் பொருள். வெற்றியைக் கண்ட மக்கள், வெற்றிக்குக் காரணமான வலுவையன்றி, அதன் முகத்தையும் வாலையும் விரும்பினர். 1980களில் நிறுவனமே செல்வர் சிலரின் வேண்டுகோளுக்கிணங்கி வீதி வண்டிகளுக்குச் சாய்முகத்தைப் பொருத்திக் கொடுத்தது. கண்ணாடியிழையால் அவ்வுறுப்புக்களை வார்த்து விற்போரும் பல்கினர். டேர்போ எஞ்சின் இல்லாத சாதாரண கரேரா வண்டியை டேர்போவின் அகன்ற உடலுடன் வாங்கும் வாய்ப்பு 1984ஆம் ஆண்டு வகையில் வந்தது. அதனுடன் டேர்போவின் தடுப்புக் கருவிகளும் கிடைத்தன என்பது உண்மை. எனினும், அதே எஞ்சின் கொண்ட ஒடுங்கிய வண்டியிலும் அது பாரம் மிகுந்தது. அதன் உச்ச வேகமும் குறைந்தது.

அகலம் வேகத்தைக் குறைப்பது எவ்வாறு? வண்டி எதிர்கொள்ளும் வளியின் தடை, அதன் முகப்பரப்புடன் கூடும். வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகும். வேகம் இருமடங்காயின் தடை நான்மடங்கு. அத்தடையை வெல்ல வேண்டிய வலு எண்மடங்கு. எனவே, வலு கூடாது அகலம் மட்டும் கூடுமாயின், விரைவுக்கு அடையாளமாகிய அவ்வுறுப்பே விரைவுக்குப் பகையாகின்றது.

அங்ஙனமாயின் இவ்வலங்காரம் பொய்யோ? தமிழ் கற்பிப்போனாகிய எனக்கு அணியிலக்கணம் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. உள்ளதை உள்ளவாறு அழகுறச் சொல்லுதல் தன்மை நவிற்சி. உள்ளதை மிகைப்படுத்திச் சொல்லுதல் உயர்வு நவிற்சி. மாடம் மதியைத் தொடுகின்றது எனப் பாடும் புலவனை நாம் பொய்யன் என்பதில்லை. கேட்போர் அது மிகையென அறிந்தே மகிழ்கின்றனர். 1972ஆம் ஆண்டின் தாராவால் தன்மை நவிற்சி. வலுவற்ற வண்டியின் அகன்ற உடல் உயர்வு நவிற்சி. இரண்டிற்கும் இடமுண்டு. ஆனால், அலங்கரித்த வண்டியை உண்மையான டேர்போ என்று கூறி விற்பவன் புலவனல்லன், வஞ்சகன்.

அழகுக்காக வண்டியை மாற்றுவோர் தம்மைத் தாமே கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு உள. அம்மாற்றம் ஓட்டுநருக்கும் வழிச்செல்வோருக்கும் ஊறு செய்யுமா என்பது முதலாவது. முகத்தின் கீழே தடுப்பின்றிப் பின்னே மட்டும் பெருஞ்செட்டை வைப்பின், பின்புறம் அழுந்தும். எஞ்சின் பின்னே கிடத்தலால் இயல்பாகவே பாரம் குறைந்த முன்புறத்தின் பிடி தளரும். சில்லை வெளியே தள்ள இடையில் வளையம் செருகின், போதிகைகள் தாங்கும் சுமை கூடும். உடலை மிகத் தாழ்த்தின், சில்லு மேலும் கீழும் அசையும் இடம் குறைந்து, மேடுபள்ளத்தில் வண்டி தன் நேரினின்று விலகக்கூடும். நின்றவிடத்தில் அழகாயிருந்து, ஓடுமிடத்தில் ஆபத்தாய் முடிவது அணியன்று, நோய்.

மாற்றியதை மீட்கக்கூடுமா என்பது இரண்டாவது. யப்பானில் நகாய் அகிரா என்னும் கைவினைஞர் பழைய போர்ஷே வண்டிகளின் மட்காட்டுக்களைத் தம் கையாலே அறுத்து, மிக அகன்ற புதிய மட்காட்டுக்களைப் பொருத்துகின்றார். இதற்கெனப் பல நாடுகளுக்குத் தாமே பயணஞ் செய்கின்றார். ஓடுகளத்தில் வண்டியோட்டிப் பழகியவருமாவார். அவர் கைத்திறனை வியப்போரும் பலர். வண்டி சிதைந்ததே என வருந்துவோரும் பலர். இருசாரார்க்கும் நியாயம் உண்டு. இப்பழைய வண்டியில் முன் மட்காட்டுத் திருகாணிகளாற் பூட்டப்பட்டது; கழற்றி வைத்து, வேண்டும்போது மீளப் பூட்டலாம். பின் மட்காட்டோ உடலுடன் ஒட்டவைக்கப்பட்டது. அறுத்தபின் மீள ஒட்டுதல் பெருஞ்செலவும் பெருந்திறனும் வேண்டும் வேலை. 1970களின் நடுப்பகுதி முதல் அவ்வுடலின் உருக்குத் தகட்டுக்குத் துருப்பிடியாதிருக்க நாகப் பூச்சு இட்டனர். அறுத்த விளிம்பில் அப்பூச்சு இல்லை. காவாதுவிடின் துரு அங்கே குடிபுகும்.

வளியாற் குளிரும் எஞ்சின் கொண்ட 911 வண்டிகளின் ஆக்கம் 1998ஆம் ஆண்டுடன் நின்றது. இனி அவற்றின் தொகை குறையுமேயன்றிக் கூடாது. உடைமை ஒருவனுடையதாயினும், அதனை வகுத்தவரின் அறிவு பின்வருவோர்க்கும் உரியது. ஓரங்குலப் புடைப்பு ஏன் வந்தது, விளக்கு ஏன் இறங்கியது என்பவற்றை அவ்வுருக்குத் தகட்டிலேயே படிக்கலாம். அறுத்துவிட்டால் அவ்வேடு போயிற்று. ஆதலால், விபத்தில் நைந்த வண்டியையோ, முன்னரே உருமாறிய வண்டியையோ எடுத்து அலங்கரித்தல் ஒருவகையில் அதற்கு மறுவாழ்வு. பழுதின்றி எஞ்சிய ஒன்றை அலங்காரத்துக்காக அறுப்பதாயின், ஒருமுறைக்குப் பன்முறை எண்ணுதல் வேண்டும்.

இம்மலரைப் படிக்கும் மாணவருள் நாளை பொறியியலாளராவோர் பலர் இருப்பர். வண்டி வாங்குவோர் அவரினும் பலர். அவர்களுக்குச் சொல்லத்தக்கது இது: அழகை வெறுக்க வேண்டா. ஆனால், எவ்வுறுப்பைக் கண்டாலும் அது எத்தொழிலுக்காகப் பிறந்தது, இங்கே அத்தொழிலைச் செய்கின்றதா என்று வினவுக. செய்யாவிடின், அணியென அறிந்தே சுவைக்க. அணியின்பொருட்டு ஓர் உயிரையும் இடருக்குள்ளாக்காதீர். மீட்க இயலாத எதனையும் அவசரப்பட்டு அறுக்காதீர்.