விடையிலிருந்து வினா: ஓர் அறிவுப் போட்டியும் அதன் பணயக் கணக்கும்

எமது கல்லூரியின் வினாவிடைப் போட்டிகளிற் பங்குபற்றிய பழைய மாணவர் பலர், ஆண்டுகள் பல கழிந்த பின்னரும், தாம் தவறவிட்ட ஒரு விடையைச் சொல்லிச் சொல்லி வருந்துதலைக் கேட்டிருக்கின்றோம். "விடை எனக்குத் தெரியும், ஆனால்..." என்று தொடங்கும் அக்கதைகளுக்கு முடிவே இல்லை. அறிவு இருந்தும் தோல்வி நேர்வது எங்ஙனம், தாம் அறிந்ததை ஒருவர் எந்த அளவுக்கு நம்பலாம் என்னும் வினாக்களை ஆராய்வதற்கு ஐக்கிய அமெரிக்காவில் நடைபெற்றுவரும் 'ஜெப்பர்டி' என்னும் தொலைக்காட்சிப் போட்டி மிகவும் பொருத்தமானது. 'ஜெப்பர்டி' என்பதற்கு இடர் என்பது பொருள். அப்பெயரின் பொருத்தம் பின்னர் விளங்கும்.

போட்டி பிறந்த வரலாறு

1950ஆம் ஆண்டுகளில் அமெரிக்கத் தொலைக்காட்சியிற் பெரும் பரிசு வழங்கும் அறிவுப் போட்டிகள் மக்களை மிகவும் கவர்ந்தன. அவற்றுள் ஒன்று 'ருவென்ரி-வண்' என்பது. 1956 டிசம்பரில் ஹேர்பேட் ஸ்டெம்பல் என்பவரை வென்று, கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியராகிய சார்ள்ஸ் வான் டோரன் நாடறிந்த வீரரானார். ஆனால் அவ்வெற்றி மெய்யான வெற்றி அன்று. 1955ஆம் ஆண்டின் சிறந்த திரைப்படமாக அக்கடமிப் பரிசு பெற்றது 'மார்ட்டி' என்பதை ஸ்டெம்பல் நன்கறிவார். எனினும் நிகழ்ச்சியை நடத்தியோரின் ஏவலினாலே தவறான விடையைக் கூறினார். வான் டோரனுக்கோ விடைகள் முன்னரே சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தன. 1959 நவம்பர் 2ஆம் நாள் அவர் அமெரிக்கக் காங்கிரசின் குழுவொன்றின்முன் இவ்வுண்மையை ஒப்புக்கொண்டார். 1960ஆம் ஆண்டில் இத்தகைய மோசடி சட்டத்தாலே தடுக்கப்பட்டது.

இதனால் அறிவுப் போட்டி என்றாலே மக்கள் ஐயுறும் நிலை ஏற்பட்டது. 1963ஆம் ஆண்டில் மேர்வ் கிறிபின் என்னும் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் விமானப் பயணமொன்றிலே தம் மனைவியார் ஜூலனுடன் இதுபற்றி உரையாடினார். போட்டியாளர்க்கு விடையைக் கொடுத்ததுதானே குற்றமாயிற்று, எல்லோர்க்கும் விடையையே கொடுத்து வினாவை அவர்களிடமிருந்து பெற்றால் என்ன என்று அம்மையார் கேட்டார். எடுத்துக்காட்டாக, "5,280" என்றார். ஒரு மைலுக்கு எத்தனை அடி என்று கணவர் வினாவினார். அவ்விளையாட்டுப் பேச்சிலிருந்தே போட்டி பிறந்தது. 1964 மார்ச் 30ஆம் நாள் அது முதன்முதல் ஒளிபரப்பாயிற்று. முதல் நடத்துநர் ஆர்ட் பிளெமிங். 1984இல் மீண்டும் தொடங்கிய காலந்தொட்டு 2020இல் மறையும்வரை அலெக்ஸ் திரெபெக் அதனை நடத்திவந்தார்.

போட்டியின் அமைப்பு

மூவர் போட்டியிடுவர். முதற் சுற்றில் ஆறு துறைகள். துறைக்கு ஐந்தாக முப்பது குறிப்புகள். ஒவ்வொரு குறிப்பும் விடை வடிவில் இருக்கும்; போட்டியாளர் அதற்குரிய வினாவைக் கூறுதல் வேண்டும். மேல் வரிசைக் குறிப்பின் பெறுமதி 200 டொலர்; கீழ் வரிசைக் குறிப்பினது 1,000 டொலர். இரண்டாம் சுற்றில் இத்தொகைகள் இரட்டிக்கும். சரியாகச் சொன்னால் அத்தொகை சேரும்; தவறினால் அதே தொகை கழிக்கப்படும். நடத்துநர் குறிப்பை வாசித்து முடிக்குமுன் பொத்தானை அழுத்துபவர் கால் விநாடி நேரம் தடைபட்டு நிற்பார். ஆதலின் அறிவோடு பொறுமையும் வேண்டப்படுகின்றது.

பணயம் வைக்கும் இடங்கள் இரண்டு. முதற் சுற்றில் ஒரு குறிப்பின் பின்னும், இரண்டாஞ் சுற்றில் இரு குறிப்புகளின் பின்னும் 'டெய்லி டபிள்' என்னும் சிறப்புக் குறிப்பு மறைந்திருக்கும். அதனைத் தெரிந்தெடுத்தவர் மட்டுமே விடையிறுக்கலாம். எவ்வளவு பணயம் என்பதையும் அவரே கூறுவார். இறுதிச் சுற்றிலோ துறையின் பெயர் மாத்திரம் முதலில் அறிவிக்கப்படும். மூவரும் தத்தம் பணயத்தை இரகசியமாக எழுதிய பின்னரே குறிப்பு வெளியாகும். முப்பது விநாடிகளுள் விடை எழுதவேண்டும். வென்றவர் தாம் சேர்த்த தொகை முழுவதையும் பெற்று மறுநாளும் ஆடுவார்; தோற்றோர் எவ்வளவு சேர்த்திருப்பினும் குறித்த ஒரு சிறு தொகையுடனேயே செல்வர்.

குறிப்பை வாசிக்கும் கலை

குறிப்பின் ஒவ்வொரு சொல்லும் அளந்து வைக்கப்பட்டது. 'இவ்வெழுத்தாளர்', 'இந்நகரம்' என வரும் சுட்டே கேட்கப்படுவது யாது என்பதை உணர்த்தும். அதைப் பற்றிக்கொண்டு, துறையின் பெயரையும் உடன்வைத்து நோக்கினால், அறியாத விடையையும் சில வேளைகளில் ஊகித்துவிடலாம்.

2011ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஐ.பி.எம். நிறுவனத்தின் 'வாட்சன்' என்னும் கணினி, தலைசிறந்த போட்டியாளர்களாகிய கென் ஜெனிங்ஸ், பிராட் ரட்டர் ஆகியோருடன் போட்டியிட்டது. முதலாவது ஆட்டத்தின் இறுதித் துறை அமெரிக்க நகரங்கள். மிகப் பெரிய விமான நிலையம் இரண்டாம் உலகப் போரின் வீரர் ஒருவர் பெயரையும், இரண்டாவது விமான நிலையம் அப்போரின் சமர் ஒன்றின் பெயரையும் பூண்ட நகரம் யாது? ஓஹேர் என்பவர் போர் விமானி; மிட்வே பசிபிக் சமுத்திரத்திலே நிகழ்ந்த சமர். எனவே விடை சிக்காகோ. மனிதர் இருவரும் அதனைச் சரியாக எழுதினர். கணினியோ கனடா நாட்டு நகரமாகிய ரொறன்ரோவை எழுதிற்று. துறையின் பெயரை அது பெரிதும் பொருட்படுத்தவில்லை.

பலரும் இதைக் கண்டு நகைத்தனர். ஆனால் கவனிக்கத்தக்கது வேறொன்றுண்டு. அப்போது 36,681 டொலர் வைத்திருந்த வாட்சன் பணயமாக வைத்தது 947 டொலரே. தனக்கு உறுதியில்லை என்பதை வெளிப்படுத்த விடையின் பின்னே கேள்விக்குறிகளையும் இட்டிருந்தது. விடை பிழைத்தது, கணக்குப் பிழைக்கவில்லை. முடிவில் 77,147 டொலருடன் அக்கணினியே வெற்றி பெற்றது.

துணிவின் கணக்கு

'டெய்லி டபிள்' வரும்போது அஞ்சிச் சிறு தொகை வைப்பதே நெடுங்காலம் பலரின் வழக்கமாயிருந்தது. அது தக்கதுதானா? ஒருவர் நான்கு முறைக்கு மூன்று முறை சரியாகச் சொல்லும் வல்லமை உடையவர் என்க. ஒவ்வொரு முறையும் 4,000 டொலர் வைத்தால், மூன்று முறை 12,000 சேரும். ஒரு முறை 4,000 போகும். நிகர ஊதியம் 8,000. முறைக்குச் சராசரி 2,000. அவர் பணயத்தை இரட்டித்தால் இச்சராசரியும் இரட்டிக்கும். பாதிக்குக் குறைவாகச் சரி சொல்பவருக்கோ பணயம் பெருகப் பெருக நட்டமே பெருகும்.

இக்கணக்கை முற்றாக நம்பி ஆடியவர் ஜேம்ஸ் ஹோல்ஸ்ஹோவர். விளையாட்டுப் பந்தயம் கட்டுவதையே தொழிலாகக் கொண்ட இவர், 2019ஆம் ஆண்டில் 32 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று 2,462,216 டொலர் சேர்த்தார். ஒரே நாளில் 131,127 டொலர் பெற்றதும் உண்டு. பெறுமதி மிக்க கீழ் வரிசைகளிலிருந்து தொடங்குவார்; சிறப்புக் குறிப்புகள் மேல் வரிசையில் அருமையாகவே மறைந்திருக்கும் ஆதலின் அவற்றையும் விரைவிற் கண்டுபிடிப்பார்; கண்டதும் பெருந்தொகை வைப்பார்.

இறுதிச் சுற்றின் கணக்கு

இறுதிச் சுற்றிற் கணக்கு மாறுகின்றது. இங்கே தேவையானது பெருந்தொகையன்று. ஏனையோரிலும் ஒரு டொலராவது கூடுதலாக வைத்திருத்தலே. முன்னிற்பவரிடம் 12,000 டொலரும் அடுத்தவரிடம் 9,000 டொலரும் இருப்பதாகக் கொள்வோம். பின்னிற்பவர் முழுவதையும் வைத்து வென்றால் 18,000 ஆகும். ஆகவே முன்னிற்பவர் 6,001 வைத்தல் வேண்டும். சரியாகச் சொன்னால் 18,001 பெற்று வெல்வார். தவறினாலோ 5,999க்கு இறங்குவார்.

இதனை முன்னுணர்ந்த பின்னிற்பவர் என்ன செய்தல் நன்று? முழுவதையும் வைப்பது வீரம்போலத் தோன்றும். ஆனால் இருவரும் தவறினால் அவர் கையில் ஒன்றுமிராது. 3,000க்கு மேற்படாது வைத்தாலோ, தாம் தவறினும் 6,000 எஞ்சும். 5,999 உடைய முன்னவரை வெல்லலாம். பின்னிற்பவரின் தொகை முன்னிற்பவரின் தொகையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதிருந்தால் இவ்வழி எப்போதும் திறந்திருக்கும். குறைந்திருந்தால் தாம் சரியாகச் சொன்னாலன்றி உய்வில்லை. பாதியிலும் குறைந்திருந்தாலோ முன்னிற்பவர் பிழைவிடாதவரை அவரை எட்டுதல் இயலாது. ஒருவரைத் தடுமாறச் செய்யும் குறிப்பு மற்றவரையும் தடுமாறச் செய்வது இயல்பாதலின், இருவரும் தவறும் வேளையை எண்ணிப் பார்த்தே பணயம் குறிக்கவேண்டும் என்பது தேர்ந்த இரசிகர் கொள்கை.

இரு தோல்விகள்

2004ஆம் ஆண்டில் கென் ஜெனிங்ஸ் 74 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றார். அவர் 2,520,700 டொலர் சேர்த்திருந்த நிலையில், எழுபத்தைந்தாம் ஆட்டத்தின் இறுதியில் அவரிடம் 14,400. எதிரே நின்ற நான்சி ஸேர்க் என்னும் அம்மையாரிடம் 10,000. ஜெனிங்ஸ் வைத்தது 5,601, வென்றால் 20,001. அம்மையார் வைத்தது 4,401, வென்றால் 14,401. ஜெனிங்ஸ் பணயமே வையாது நின்றாலும் அவரை ஒரு டொலரால் வெல்வதற்கான தொகை அது. ஆண்டில் நான்கு மாதங்களே வேலைசெய்யும் எழுபதினாயிரம் அலுவலரைக் கொண்ட நிறுவனம் எது என்பது குறிப்பு. வருமான வரிப் பத்திரங்களைத் தயாரிக்கும் 'எச் அண்ட் ஆர் புளொக்' என்பது விடை. ஜெனிங்ஸ் 'பெட்எக்ஸ்' என எழுதி 8,799க்கு இறங்கினார். அம்மையாருடைய விடை சரியாயிற்று. அவருடைய விடை பிழைத்திருப்பின் 5,599 மாத்திரமே எஞ்சித் தோற்றிருப்பார். ஒன்றும் வையாது 10,000 உடன் நின்றிருந்தால் விடை எவ்வாறாயினும் வென்றிருப்பார். ஆயினும் எதிராளியின் மனத்தை முன்கூட்டி அறிபவர் யார்? பணயம் எழுதும்போது அவர் அஞ்சியது வேறொரு நிலையை. அதற்கு ஏற்றதையே எழுதினார்.

மற்றைய தோல்வி ஹோல்ஸ்ஹோவருடையது. 2019 ஜூன் 3ஆம் நாள் ஒளிபரப்பான ஆட்டத்தில் இறுதிச் சுற்றின் முன் எம்மா பெற்சர் என்னும் நூலகரிடம் 26,600; ஹோல்ஸ்ஹோவரிடம் 23,400; மூன்றாமவரிடம் 11,000. ஜெனிங்ஸின் மொத்தத் தொகையை எட்ட ஹோல்ஸ்ஹோவருக்கு இன்னும் 58,484 டொலரே தேவை. ஷேக்ஸ்பியரின் நாடக வரியொன்று எவ்வெழுத்தாளரின் அகால மரணத்தைச் சுட்டுவதாகக் கருதப்படுகின்றது என்பது குறிப்பு. கிறிஸ்தோபர் மார்லோ என மூவரும் சரியாகவே எழுதினர். ஆனால் எப்பொழுதும் பெருந்தொகை வைத்துப் பழகியவர் அன்று வைத்தது 1,399 மாத்திரமே. அவர் வேண்டுமென்றே தோற்றார் என்று பலர் தூற்றினர். வான் டோரன் கதையை அறிந்த நாட்டில் அவ்வையம் எழுந்ததிற் புதுமையில்லை.

கணக்கைப் பார்ப்போம். பெற்சர் அம்மையார் முறைப்படி 20,201 வைத்தால் 46,801 பெறுவார். ஹோல்ஸ்ஹோவர் முழுவதையும் வைத்து வென்றாலும் 46,800 தான். ஆகவே அம்மையார் சரியாகச் சொன்னால் அவருக்கு வெற்றி இல்லை. அம்மையார் தவறினாலோ 6,399க்கு இறங்குவார். அப்போது எஞ்சும் அச்சம் மூன்றாமவரே. அவர் முழுவதையும் வைத்து வென்றால் 22,000. ஹோல்ஸ்ஹோவர் 1,399ஐ இழந்தால் எஞ்சுவது 22,001! தமது விடை பிழைத்தாலும் வெல்லக்கூடிய மிகப் பெரிய பணயம் அதுவேயாம். அம்மையாரும் 20,201ஐயே வைத்தார்; வென்றார். கோழை என்றும் கள்ளன் என்றும் தூற்றப்பட்டவர் உண்மையில் நிதானந் தவறாதவர். ஒரு கழித்தற் கணக்கைச் செய்து பார்த்திருந்தால் அப்பழியைச் சொன்னவர் சொல்லியிரார்.

அவரை வென்ற அம்மையாரின் சிறப்பையும் மறத்தலாகாது. இப்போட்டியின் குறிப்புகளுள் எவை எளியன, எவை அரியன என்பதைச் சொற்களைக்கொண்டே கணினியால் முன்னறிய முடியுமா என்பதைத் தமது முதுநிலைப் பட்ட ஆய்வுப் பொருளாகக் கொண்டவர் அவர்.

வள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரமும் வலியறிதலுக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தார். பணயம் என்ற சொல்லைக் கேட்டவுடன் முன்னையதே எமது நினைவுக்கு வருகின்றது. மேலே கண்ட கணக்குகளைச் சிந்திப்போர்க்குப் பின்னையதும் நினைவுக்கு வருதல் கூடும். தமக்குத் தெரிந்தது எவ்வளவு, எதிரே நிற்பவர் கையில் உள்ளது எவ்வளவு, இரண்டும் பிழைத்தால் எஞ்சுவது எவ்வளவு என முப்பது விநாடிக்கு முன்னரே எண்ணிப் பார்ப்பது சூதாடியின் வெறியன்று. இனி எமது கல்லூரி மண்டபத்தில் வினாவிடைப் போட்டிக்கு ஏறும் மாணவச் செல்வர், அறிந்ததைத் துணிந்து சொல்லவும் அறியாததை அடக்கத்துடன் அளந்து வைக்கவும் பயில்வாராக. தோற்று இறங்கும் தோழனைப் பழிக்குமுன், மண்டபத்திற் பார்த்திருக்கும் நாமும் ஒருமுறை கணக்கைச் செய்து பார்ப்போமாக.